டர்ஹாமில் கறுப்பினத்தவரின் சிறு கடைகள்: ஒரு நாள் கூட்டமா, நிலையான வாடிக்கையா?

ஏரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வட கரோலினாவின் மோரிஸ்வில்லில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். அலுவலகம் டர்ஹாம் நகரின் நடுவில் இருக்கிறது. வீடு திரும்பும் வழியில், கறுப்பினப் பெண்மணி ஒருவர் நடத்தும் சிறிய அடுமனை உண்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெயும் சாதிக்காயும் சேர்த்து அவர் சுடும் 'பை' என்ற இனிப்புப் பண்டத்துக்காகவே அந்தக் கடை அறியப்படுகிறது. கடந்த ஜூன் 19 அன்று, அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூரும் ஜூன்டீன்த் விடுமுறை நாளில், வரிசை வாசலைத் தாண்டி நடைபாதை வரை நீண்டிருந்தது; நானும் அரை மணி நேரம் நின்றுதான் வாங்கினேன். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குப் போனபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் பதினான்கு பைகள் விற்காமல் இருந்தன. கடைக்குள் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. "ஜூனில் வந்தவர்களை இனி அடுத்த ஜூனில்தான் பார்ப்பேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் நானும் ஜூனுக்குப் பிறகு அன்றுதான் போயிருந்தேன்.

கறுப்பினத்தவரின் சிறு வணிகங்களை ஆதரிக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறோம், பட்டியல்களைப் பகிர்கிறோம். ஆனால் ஆண்டின் மற்ற மாதங்களில் அந்தக் கடைக்கு உண்மையில் பயன்படும் காரியம் எது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் எங்கள் குழுவின் உணவுச் செலவு ஓரளவு என் பொறுப்பில் இருக்கிறது. இங்குள்ள தமிழ் நண்பர்களின் விழாக்களிலும் எனக்குப் பங்கு உண்டு. வணிகம் செய்தவர்களும் இந்த ஊரை நீண்ட நாளாக அறிந்தவர்களும் கருத்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பழைய டர்ஹாம்காரன் எழுதியது:

முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன் என்பதால், நடைமுறை யோசனைகளுக்கு முன்பு இந்த மண்ணின் கதையைச் சற்று நீளமாகவே சொல்கிறேன். அதை அறியாமல் அந்த அம்மையாரின் காலிக் கடையைப் புரிந்துகொள்ள இயலாது.

உங்கள் அலுவலகத்துக்கு அருகிலுள்ள பாரிஷ் தெருவைத்தான் ஒரு காலத்தில் "கறுப்பினத்தவரின் வால் ஸ்ட்ரீட்" என்று அழைத்தார்கள். ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரின் கிரீன்வுட் பகுதிக்கும் அதே பெயர் உண்டு. அது 1921இல் வெள்ளையர் கும்பலால் எரிக்கப்பட்டதால் உலகம் அதை அறிந்துவைத்திருக்கிறது. டர்ஹாமின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அடிமையாகப் பிறந்து, பின்னர் இந்த ஊரில் முடிதிருத்தும் நிலையங்களை நடத்திய ஜான் மெரிக், மருத்துவர் ஆரன் மூர் முதலியோர் சேர்ந்து 1898இல் நார்த் கரோலினா மியூச்சுவல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முகவர்கள் வாரந்தோறும் வீடு வீடாகப் போய்ச் சில்லறைக் காசாகத் தவணை வசூலித்தார்கள். முதலில் வந்த 40 டாலர் இழப்பீட்டுக் கோரிக்கைக்கே நிறுவனத்திடம் பணம் இல்லாமல், நிறுவியவர்கள் தம் கையிலிருந்து போட்டுக் கொடுத்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. அந்தச் சில்லறைக் காசின் வலிமையில்தான் பிற்காலத்தில் நாட்டின் மிகப்பெரிய கறுப்பின நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. அதன் உறவு வட்டத்திலேயே பிறந்த மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் வங்கி 1908இல் கதவைத் திறந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தையும் தாண்டி இன்றும் நடக்கிறது.

நிறுவனங்கள் பாரிஷ் தெருவில் இருந்தன. மக்களும் கடைகளும் ரயில் பாதைக்குத் தெற்கே இருந்தார்கள். அந்தப் பகுதியின் பெயர் ஹெய்ட்டி நாட்டை ஒட்டி வந்தது. ஆனால் ஊர்க்காரர்கள் "ஹேட்டை" என்றே சொல்வார்கள். புதிதாக வந்தவர்களை இந்த ஒரு சொல்லை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தையற்கடை, மருந்துக்கடை, உணவகம், திரையரங்கு, விடுதி, சவச்சடங்கு நிலையம் என்று எல்லாம் அங்கே இருந்தன. வெள்ளையரின் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது. 1957இல் இதே ஊரின் ராயல் ஐஸ்கிரீம் கடையில் வெள்ளையருக்கான இருக்கைகளில் அமர்ந்ததற்காக ஏழு பேர் கைது செய்யப்பட்டார்கள். ஆகவே ஹேட்டையின் கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளர் பஞ்சம் இருந்ததில்லை.

பஞ்சம் வேறு வழியில் வந்தது. 1950களின் இறுதியில் "நகரப் புதுப்பிப்பு" என்ற பெயரில் திட்டம் தொடங்கியது; அதனுடன் 147ஆம் எண் விரைவுச்சாலை அந்தக் குடியிருப்பை ஊடறுத்துச் சென்றது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும் ஏறக்குறைய 500 வணிகங்களும் இடம்பெயர்க்கப்பட்டன. கடைக்காரர்களில் சிலரைத் தகரக் கொட்டகைகளில் தற்காலிகமாகக் குடியேற்றினார்கள். மக்கள் அதை "டின் சிட்டி" என்று அழைத்தார்கள். புதிய வணிக வளாகம் வருகிறது, அதுவரை பொறுத்திருங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் மீண்டும் கடை திறக்கவே இல்லை. வாடிக்கையாளர் வீடுகளே சிதறிப்போன பிறகு எந்தத் தெருவில் போய்த் திறப்பது? நாம் நாள்தோறும் அலுவலகத்துக்கு எண்பது மைல் வேகத்தில் போகும் சாலைக்குக் கீழே அந்தத் தெருக்கள் இருக்கின்றன. (வேக வரம்பை மீறுகிறோம் என்பது வேறு விஷயம்.)

நான் சொல்ல வருவது இதுதான்: அந்த வணிகர்கள் திறமைக் குறைவாலோ வாடிக்கையாளர் இல்லாமலோ வீழவில்லை. நிலமும் கட்டடமும் கடனும் அவர்கள் கையில் இல்லாததால் வீழ்ந்தார்கள். ஆதரவு என்று பேசும்போது அந்த மூன்றையும் தொடாமல் பை வாங்குவதை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

நேர்பேச்சு எழுதியது:

மனத்தில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடைக்கு உரிமையாளரின் நிறத்தைப் பார்த்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. பண்டம் நன்றாக இருந்தால், விலை நியாயமாக இருந்தால் போகிறேன், இல்லையென்றால் போகவில்லை. நம் ஊரில் சாதி பார்த்துக் கடைக்குப் போகிறவர்களைக் கண்டித்துவிட்டு, இங்கே வந்து நிறம் பார்த்து வாங்கச் சொன்னால் எப்படி? இன்னொன்றும் உண்டு. இரக்கப்பட்டு வாங்குவது கடைக்காரருக்கே மரியாதைக் குறைவு. என் தந்தை தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பரிதாபப்பட்டு வந்த வாடிக்கையாளரை அவர் முகம் கொடுத்துப் பார்க்கவே மாட்டார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நேர்பேச்சு அவர்களே, உங்கள் தந்தையாரின் மானத்தை மதிக்கிறேன். ஆனால் சாதி பார்த்து ஒரு கடையை ஒதுக்குவதும், ஒதுக்கப்பட்டதால் நாம் இதுவரை எட்டிப் பார்க்காத கடைக்குள் ஒருமுறை நுழைந்து பார்ப்பதும் ஒன்றல்ல. நாம் கடைகளைத் தேர்ந்தெடுப்பது தரம் பார்த்து மட்டுமே என்பதை நான் நம்பவில்லை. நம் நண்பர்கள் போகும் கடைக்கு, நம் வீட்டிலிருந்து போகும் சாலையில் உள்ள கடைக்குத்தான் போகிறோம். அந்தச் சாலை எப்படிப் போடப்பட்டது என்பதை மேலே ஒருவர் சொல்லிவிட்டார்.

நாடு தழுவிய கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊழியர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் நிறுவனங்களில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமானவை, 2022க்கான அரசுக் கணக்கெடுப்பின்படி, மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டுகின்றன. மக்கள்தொகையிலோ அவர்கள் ஏறக்குறைய 14 விழுக்காடு. தனி ஆளாக, ஊழியர் எவரும் இன்றி நடக்கும் தொழில்கள் பல மடங்கு அதிகம். முதல் ஊழியரைச் சேர்க்கும் படிதான் ஏறக் கடினமான படி என்பதை என் தொழிலில் நாள்தோறும் பார்க்கிறேன். சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை.

அப்படி ஒருவரின் கணக்கைப் பெயரில்லாமல் சொல்கிறேன். அவர் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறும் தொழில் செய்பவர். வீட்டுக்கு வெளியே வாடகைச் சமையலறை, உதவிக்கு இரண்டு பேர். சென்ற ஆண்டு ஒரு பெரிய அலுவலகம் அவரிடம் 120 பேருக்கு மதிய உணவு கேட்டது. பில் 1,800 டாலர். கோழி, அரிசி, கீரை, எண்ணெய், பெட்டிகள், இருவர் கூலி எல்லாமாக 1,050 டாலரைக் கடன் அட்டையில் போட்டுச் செய்து முடித்தார். சாப்பாடு அருமை என்று மின்னஞ்சல் வந்தது, பணம் வரவில்லை. பில்லில் கொள்முதல் எண் இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். எண்ணைக் கொடுக்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார். 63ஆம் நாள் பணம் வந்தது. ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி என்று வைத்தால் இரண்டு மாத வட்டி நாற்பது டாலரைத் தாண்டும். அது பெரிய தொகை அல்ல என்பீர்கள். ஆனால் அட்டையின் வரம்பு நிரம்பியிருந்ததால், அந்த இரண்டு மாதங்களில் வந்த வேறு இரண்டு ஆர்டர்களை அவர் ஏற்க முடியாமல் திருப்பி அனுப்பினார். அந்த அலுவலகம் அவரை "ஆதரித்ததாக" உள்செய்தி மடலில் படத்துடன் போட்டிருந்தது.

ஆகவே ஏரிக்கரையான் அவர்களுக்கு என் முதல் யோசனை: குழுவின் உணவுச் செலவு உங்கள் பொறுப்பில் இருந்தால், பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள், மீதியைச் சாப்பாடு வந்த அன்றே அலுவலக அட்டையில் செலுத்துங்கள். அதற்கு நீங்கள் எந்த இனக் கொள்கையும் வகுக்க வேண்டியதில்லை. கையில் முதலில்லாத எவருக்கும் அது உதவும்.

தையல்நாயகி எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதில் கடைசி வாக்கியத்தை அடிக்கோடிட விரும்புகிறேன். நான் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். 2020க்குப் பிறகு "கொள்முதலில் இவ்வளவு விழுக்காடு கறுப்பினத்தவரிடம்" என்று அறிவித்த நிறுவனங்கள் பல இப்போது அந்தச் சொல்லையே நீக்கிவிட்டன. அதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. கறுப்பினப் பெண்களின் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் 20,000 டாலர் நிதி வழங்கிவந்த ஃபியர்லெஸ் ஃபண்ட் மீது 2023இல் வழக்குத் தொடரப்பட்டது. அடிமைமுறை ஒழிந்தவுடன், கறுப்பினத்தவருக்கும் ஒப்பந்தம் செய்யும் உரிமை வேண்டும் என்பதற்காக 1866இல் இயற்றப்பட்ட சட்டத்தையே, ஒப்பந்தத்தில் இனம் பார்க்கக் கூடாது என்று சொல்லி, அந்த வழக்கு ஆயுதமாக எடுத்தது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிதி வழங்கலைத் தடுத்தது. செப்டம்பரில் சமரசமாகி அந்தத் திட்டமே மூடப்பட்டது. அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட கசப்பை இங்கே எழுதி முடியாது.

நான் வழக்கறிஞர் அல்லள். ஆனால் நடைமுறையில் கண்டது இது. தனி மனிதர் எந்தக் கடையில் பை வாங்குவது என்பது அவர் விருப்பம். நிறுவனமோ சங்கமோ "இன்னாருக்கு மட்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் சிக்கல் வரும். அப்படி எழுதாமலேயே செய்யக்கூடியவை நிறைய உண்டு. மிகப்பெரிய தடை எது தெரியுமா? பிறருக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்டுவதற்காக நாங்கள் கேட்கும் பொறுப்புக் காப்பீட்டுத் தொகை. ஐம்பது பேருக்குச் சாப்பாடு கொண்டுவருபவரிடமும், கட்டடம் கட்டுபவரிடமும் ஒரே படிவத்தில் ஒரே தொகையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். சிறு ஆர்டர்களுக்கு அதைக் குறைத்தோம், பில் வந்த பதினைந்து நாளில் பணம் என்று மாற்றினோம், பெரிய ஒப்பந்தங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்தோம். சிறுபான்மையினர், பெண்கள் முதலியோருக்குச் சொந்தமானவை என்று மாநில அரசு சான்றளித்த, ஹப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நிறுவனங்களின் பட்டியல் இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கக்கூடியது; விலை கேட்கும் முன்பு அதையும் ஒரு பார்வை பார்க்கிறோம். அதன் பிறகு எங்களிடம் புதிதாக வந்தவர்களில் கறுப்பினத்தவர் பலர். எவரையும் ஒதுக்கவில்லை.

போகிற போக்கில் நேர்பேச்சு அவர்களுக்கு ஒரு செய்தி. அந்த ஹப் சான்றிதழ் இந்திய வம்சாவளியினருக்கும் கிடைக்கும். கூட்டரசின் சிறுவணிகத் துறையிலும், கறுப்பினத்தவரின் போராட்டத்தின் விளைவாக உருவான, பின்தங்கியோரின் சிறு நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தங்களில் இடம் ஒதுக்கும் 8(ஏ) திட்டத்தில், இந்திய வம்சாவளி வணிகர்கள் மனுக் கொடுத்து 1982இல் இடம்பெற்றார்கள். இனத்தை வைத்தே தகுதியை அனுமானிக்கும் முறை 2023இல் ஒரு நீதிமன்ற ஆணையால் நின்றது. அதுவரை நாற்பது ஆண்டுகள் நாமும் அந்தக் கதவு வழியாகத்தான் போய்வந்தோம். நிறம் பார்க்கக் கூடாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தக் கதவைத் திறந்தவர்கள் யார் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமா கடை மருமகன் எழுதியது:

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் மாமா கிழக்கு டர்ஹாமில் ஒரு கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறார். வருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். உள்ளே அலமாரியில் இருக்கும் பண்டங்களில் அவர்கள் செய்தது ஒன்றுகூட இல்லாதிருந்தது. பக்கத்துத் தெருவில் வசிக்கும் முதியவர் ஒருவர் மிளகாய்ச் சாறு செய்து புட்டியில் அடைத்து விற்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டார். மாமா, எல்லாக் கடைக்காரர்களையும் போலவே, "வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு" என்றார். நான் அப்போது கல்லாவில் இருந்தேன். அந்தப் பெரியவர் பெட்டியைக் கீழே வைக்காமல், "என் புட்டிகளின் விலையை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் ஐயா" என்றார்.

மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு பன்னிரண்டு புட்டிகளுக்கும் ரொக்கமாகக் கொடுத்தார். வறுத்த கோழி விற்கும் சூடுபெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். கீழ் அலமாரியில் வைத்திருந்தால் செத்திருக்கும். இப்போது மாதம் நான்கு பெட்டிகள் போகின்றன. மாமாவுக்கு இலாபம் புட்டிக்கு இரண்டு டாலர். இதில் தர்மம் எதுவும் இல்லை. அவரிடம் போய்த் தர்மம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்.

கறுப்பினக் குடியிருப்புகளில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் ஏராளமாக உண்டு. அங்கே சம்பாதிக்கிறோம், மாலையில் காரில் ஏறிப் பக்கத்துக் கேரி நகருக்கு வந்துவிடுகிறோம். நாம் எங்கே வாங்குகிறோம் என்பதைப் போலவே, நம் அலமாரியில் யாருக்கு இடம் கொடுக்கிறோம் என்பதும் இந்த இழையில் பேசப்பட வேண்டும்.

நேர்பேச்சு எழுதியது:

தையல்நாயகி அவர்கள் சொன்ன 1982 விவரம் எனக்குப் புதிது. ஏற்றுக்கொள்கிறேன். மிளகாய்ச் சாறு விற்ற பெரியவர் என் தந்தையைப் போன்றவர் என்றும் தோன்றுகிறது; கடனுக்குச் சரக்குக் கொடுத்து நொடித்துப்போன வீடு எங்களுடையது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் மாறவில்லை. ஆதரிக்கிறோம் என்ற பெயரில் குறையைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, மறுமுறை சத்தமின்றிப் போகாமல் இருந்துவிடுகிறோம். அது அந்தக் கடைக்குச் செய்யும் கெடுதி. மற்றக் கடையில் சோறு குழைந்திருந்தால் அழைத்துச் சொல்வோம் அல்லவா? இங்கேயும் கடைக்காரரிடம் நேரில் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு ஓடக் கூடாது. நாற்பது மதிப்புரைகள் உள்ள கடைக்கு ஒரு ஒற்றை நட்சத்திரம் எவ்வளவு இழுக்கும் என்பதைக் கணக்குப்பிள்ளை அவர்களே சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நிறையவே இழுக்கும். உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். இந்த இழையில் இது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பழைய டர்ஹாம்காரன் எழுதியது:

நிலம், கட்டடம், கடன் என்று நான் தொடங்கியதற்கு இன்னும் எவரும் வரவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். வங்கி உங்கள் வைப்புத்தொகையிலிருந்துதான் கடன் கொடுக்கிறது. என் அவசரகாலச் சேமிப்பில் ஒரு பகுதியை மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் வங்கியிலும், 1980இல் இதே ஊரில் தொடங்கிய செல்ஃப்-ஹெல்ப் அமைப்பின் கடன் சங்கத்திலும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் 2,50,000 டாலர் வரை கூட்டரசின் வைப்புக் காப்பீடு உண்டு. இணைய வங்கி கொடுக்கும் வட்டியைவிட எனக்குக் குறைவாகவே கிடைக்கிறது. அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆண்டுக்கு இரண்டு விருந்துச் செலவு என்று எழுதிவிட்டேன்.

கட்டடம்தான் கடினம். நகரின் நடுப்பகுதியில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. குத்தகை முடியும் ஆண்டில் நல்ல கடையும் காணாமல் போகிறது. அந்த அடுமனை அம்மையாரின் குத்தகை எப்போது முடிகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் நகர மன்றக் கூட்டத்தில் தரைத்தளக் கடைகளின் வாடகை பற்றிய பேச்சு வரும் மாலையில் போய் உட்கார உரிமை உண்டு. நம்மவர்கள் அங்கே வருவது மிகக் குறைவு. பள்ளி எல்லை மாற்றம் என்றால் மட்டும் அரங்கம் நிறைகிறது.

ஏரிக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் எதையாவது செய்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

அலுவலகத்தில் முன்பணம் கொடுக்க அனுமதி கேட்டேன். முதலில் மறுத்தார்கள், 500 டாலருக்கு உட்பட்ட ஆர்டர்களுக்கு அட்டையில் அன்றே செலுத்தலாம் என்று பிறகு இறங்கிவந்தார்கள். தீபாவளிக் கூடலுக்கு இனிப்புடன் சேர்த்து முப்பது சிறு பைகள் வாங்குவது என்று நண்பர்கள் ஒப்புக்கொண்டார்கள். முட்டை சேர்ந்திருக்குமே என்று சிலர் தயங்கினார்கள். முட்டை இல்லாமலும் செய்ய முடியும் என்று அந்த அம்மையார் சொன்னதோடு, சோதனைக்கு இரண்டு சுட்டுத் தந்தார். ஒன்று சற்று இறுகிப் போயிருந்தது. நேர்பேச்சு அவர்களின் அறிவுரைப்படி அதை நேரிலேயே சொன்னேன். அவர் ஒரு விள்ளல் எடுத்துச் சுவைத்துவிட்டு, தேங்காய்ப்பால் சேர்த்து இன்னொன்று செய்து பார்ப்பதாகச் சொன்னார்.

கூடல் சனிக்கிழமை என்பதால் அன்று காலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பணத்தை நீட்டினேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். சனிக்கிழமை எப்படியும் விற்றுவிடும், அடுப்பில் இடமும் இருக்காது. வெள்ளிக்கிழமை இரவு எடுத்துக்கொள்ள முடியுமா என்றார். பிறகு, இனி இப்படி ஆர்டர் கொடுப்பதானால் செவ்வாய்க்கிழமைகளில் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். உதவிக்கு வரும் பெண்ணைச் செவ்வாயன்று வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தாராம். எங்கள் குழுவின் மதிய உணவுக் கூட்டம் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியிருக்கிறது.